நூத்துல ரெண்டு

விழிதியூரில் கமலாம்பாள் வீட்டுக்கு வழி கேட்டால், "நேரா போங்க, எங்க ஒரு பொம்பள யாரையாவது வெளுத்து வாங்கிக்கிட்டு இருக்கோ அதான் வீடு" என்பார்கள். பொய்யில்லை. பாலில் தண்ணீர் கலந்தவன், வாய்க்காலை மறித்து டிராக்டரை நிறுத்தினவன், உரம் ஏற்றிவரப் போய் மூட்டையைப் பாதி வழியில் சிந்திக்கொண்டு வந்தவன் எல்லாரும் அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான். ஆனால் ஒரு வீட்டில் சாவு என்றாலும் சரி, பிரசவம் என்றாலும் சரி, முதலில் அடுப்பு மூட்டப் போகிறவளும் அவள்தான். திட்டிக்கொண்டேதான் மூட்டுவாள்.

பிறந்தது நெடுங்காடு, வாழ்க்கைப்பட்டது இங்கே. புருஷன் தெட்சிணாமூர்த்தி மின்துறையில் லைன்மேன். புயல் என்றால் மற்ற வீட்டு ஆம்பளைகள் வீட்டைப் பார்க்க ஓடி வருவார்கள், இவர் வீட்டை விட்டு ஓடுவார். கஜா அடித்த வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஆகவே மூணு மா நிலத்துக்கு நாற்று விட்டது, களை பறித்தது, அறுப்பு மிஷினுக்கு அலைந்தது எல்லாம் கமலாம்பாள். ஒரே பிள்ளை கார்த்திகேசன் படித்துக் கப்பல் வேலைக்குப் போனதும் அவள் பிடுங்கிய பிடுங்கலில்தான். மருமகள் சுகிர்தா காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் ஸ்கூட்டியில் போனால் சாயங்காலம் வருவாள். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தும் அடித்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் சுகிர்தா அமைதியானவள் என்பதல்ல. கமலாம்பாள் திட்டும்போது அவள் பாட்டுக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

தெட்சிணாமூர்த்தி நல்ல மனுஷர். குடி கிடையாது, குத்திப் பேசத் தெரியாது. ஆனால் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கத் தெரியாது. உயரக் கம்பத்தில் இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கம்பி முறுக்குகிற கை அது. கீழே இறங்கினால் ஒரு தம்ளரை நகர்த்தாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து கமலாம்பாள் சொல்லிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், தட்டை அப்படியே விட்டும் பார்த்தாள். அது காய்ந்து எறும்பு மொய்த்ததுதான் மிச்சம்.

கொரோனா வந்துதான் இதற்கு ஒரு வழி பிறந்தது. அப்போது கப்பலிலிருந்து வந்த கார்த்திகேசன் திரும்பிப் போக முடியாமல் மாசக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தான். கப்பலில் கற்றுக்கொண்ட போக்கர் ஆட்டத்தை வீட்டுக்குக் கற்றுக் கொடுத்தான். ஆளுக்கு ரெண்டு சீட்டு மூடிக் கொடுப்பது. நடுவில் முதலில் மூணு சீட்டைச் சேர்த்துத் திறப்பது, அப்புறம் ஒன்று, கடைசியில் இன்னும் ஒன்று. தன் கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாருக்கு நல்ல சேர்க்கை அமைகிறதோ அவருக்கு ஆட்டம். வீட்டில் காசு வைத்து ஆடினால் சீட்டைக் கிழித்து அடுப்பில் போடுவேன் என்று கமலாம்பாள் சொல்லிவிட்டதால் புளியங்கொட்டைதான் பணயம்.

புளியங்கொட்டைக்கு யார் பயப்படுவார்கள்? ஆட்டம் சப்பென்று இருந்தது. அப்போதுதான் கமலாம்பாள் வெளிப்பந்தயத்தைக் கண்டுபிடித்தாள். ஆட்டத்துக்கு வெளியே, ரெண்டு பேருக்குள் மட்டும் போட்டுக்கொள்வது. நடுவில் என்ன வரும், என்ன வராது என்று. வைப்பது வீட்டு வேலை.

"மொத மூணும் ஒரே நெறம்" என்பார் தெட்சிணாமூர்த்தி. மூணும் கறுப்பு, இல்லையென்றால் மூணும் சிவப்பு. அவருக்கு அதில் ஒரு பைத்தியம்.

"வராது."

"வந்தா ராத்திரிக்கு நீ பரோட்டா போடணும்."

"வராட்டி மீனு நீங்க ஆயணும்."

கருக்களாச்சேரியிலிருந்து கூடையில் மீன் கொண்டுவருகிற பெண்ணுக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. கொல்லைப்புறத்தில் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு லைன்மேன் உட்கார்ந்திருக்கிறார், கையெல்லாம் செதில். "என்னாண்ணே, அக்கா ஊர்ல இல்லீங்களா?" என்றாள். உள்ளேயிருந்து கமலாம்பாள் குரல் வந்தது. "இருக்கேன், இருக்கேன். தலைய மட்டும் நல்லா கழுவச் சொல்லு, செவுளு எடுக்க மறந்துடுவாரு."

சுகிர்தாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் மாமனாரை உட்காரவைத்துச் சொன்னாள். "மாமா, மொதச் சீட்டு எதுவா வேணா இருக்கட்டும். ரெண்டாவது அதே நெறமா வர்றது பாதிக்குக் கொஞ்சம் கம்மி. மூணாவதும் வரணும்னா அதுலயும் பாதிக்குக் கம்மி. நாலு தடவ கேட்டா ஒரு தடவதான் வரும். நீங்க சரிக்குச் சரி வைக்கிறீங்க."

"ஒரு தடவ வருதுல்ல? அது எனக்கு வரும்மா."

"ஏம்மா சுகிர்தா" என்றாள் கமலாம்பாள், "பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறது பத்தாதா? வீட்லயும் ஆரம்பிச்சுட்டியா? எனக்கு வெங்காயம் உரிக்க ஆளு போயிடும், சும்மா இரு."

கொரோனா போயிற்று, கார்த்திகேசனும் கப்பலுக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு நாலாவது கையாக வந்து சேர்ந்தாள். தையல் மிஷின் வைத்திருப்பவள், ஊர்க்கதை அத்தனையும் ஜாக்கெட்டோடு சேர்த்து அளவெடுத்து வைத்திருப்பாள். தெட்சிணாமூர்த்தி ஓய்வு பெற்றார். தோற்றுத் தோற்றுத் துணி மடித்தார், மாவு அரைத்தார், தேங்காய் துருவினார். ஜெயித்த நாளில் காலை நீட்டிக்கொண்டு பரோட்டா தின்றார். தோற்றவர் தோற்றதைச் செய்தே ஆகவேண்டும், முனகக்கூடாது, பேரம் பேசக்கூடாது. வீட்டில் இருந்த ஒரே சட்டம் அது. அதைப் போட்டவளும் கமலாம்பாள்தான்.

ஒரே ஒரு தரம் அவருக்கு அதிசயமாக அடித்தது. கடைசிச் சீட்டு திறக்கும் முன் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார், "டைமன் எட்டு" என்று. திறந்தால் டைமன் எட்டு. அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் செல்லக்கண்ணு வீட்டுக் கோழி கலைந்து ஓடியது. அதற்குப் பிறகு கடைத்தெருவில், டீக்கடையில், மாரியம்மன் கோயில் வாசலில் என்று அவர் டைமன் எட்டைச் சொல்லாத இடமில்லை. தோற்றதெல்லாம் மறந்துபோயிற்று, அது ஒன்று மட்டும் நின்றது.

"வராத சீட்டு எனக்கு வரும். எங்கிட்ட ஏதோ இருக்கு" என்பார்.

"இருக்கு, கொழுப்பு" என்பாள் கமலாம்பாள்.

அவள் வாய்முகூர்த்தமோ என்னமோ, அதுவும் இருந்தது. மோட்டார் கொட்டகைக்கு நடந்து போகிறவர் நடுவில் ரெண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தார். நெஞ்சைத் தடவிக்கொள்வார். கேட்டால் வாயு என்பார். வாயுவுக்கு இத்தனை வேர்க்குமா என்று கமலாம்பாள் அவரைக் காரைக்காலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர்.

"ஆபத்து ஏதும் இருக்குங்களா?" என்று தெட்சிணாமூர்த்தி கேட்டார்.

"உங்க ஒடம்புக்கு, நூத்துல ரெண்டு பேருக்குச் சிக்கல் ஆகலாம். மறைக்காம சொல்லணும்ல."

"செய்யலைன்னா?" என்றாள் கமலாம்பாள்.

"செய்யலைன்னா நான் கணக்கே சொல்லமாட்டேம்மா" என்றார் அவர்.

பஸ் திருவாரூர் தாண்டும்வரை தெட்சிணாமூர்த்தி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் திரும்பாமலே சொன்னார். "அந்த ரெண்டு நாந்தான், கமலா."

"ஒங்ககிட்ட வந்து சொன்னாங்களாக்கும்."

"டைமன் எட்டு யாருக்கு வந்துச்சு? வராதது எனக்கு வரும். ஒனக்கே தெரியும்."

அன்று கமலாம்பாளுக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் மனுஷர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று புரிந்தது. தேதி குறித்துக் கொடுத்த நாளில் அவர் எழுந்து குளிக்கவே இல்லை. கார்த்திகேசன் கப்பலிலிருந்து சிக்னல் கிடைத்தபோதெல்லாம் கூப்பிட்டுக் கெஞ்சினான். இவர் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு "கேக்கல, கேக்கல" என்றார். சுகிர்தா எடுத்துச் சொன்னாள். செல்லக்கண்ணு தன் சித்தப்பா அதே ஆபரேஷன் செய்துகொண்டு இப்போது சைக்கிள் மிதிக்கிற கதையைச் சொன்னாள்.

"புயல்ல கம்பத்துல ஏறுனவருக்கு இது என்னாங்க பயம்?" என்று கமலாம்பாள் கேட்டாள்.

"அது என் கையில இருந்துச்சு. எங்க புடிக்கணும், எதத் தொடக்கூடாதுன்னு தெரியும். இதுல என்னைய மயக்கிப் படுக்கப் போட்டுட்டு அடுத்தவனுல்ல சீட்டு எடுக்குறான்?"

பதில் இல்லாத இடத்தில் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். பிடுங்கினாள். உப்பைக் குறைத்தாள், ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றினாள், மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றாத குறையாக நின்றாள். காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் ஆஸ்பத்திரி, விளக்கு வைக்கிற நேரத்திலும் ஆஸ்பத்திரி. அவர் காதில் ஏறவில்லை. சம்பா நாற்று நட்டு முடித்து வயல் பச்சை கட்டிவிட்டது, மனுஷர் இன்னும் வாயு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடுவில் நின்றது. கமலாம்பாள் தன் கைச்சீட்டைக் கவிழ்த்துப் போட்டாள்.

"ஏங்க, எனக்கும் ஒங்களுக்கும் ஒரு வெளிப்பந்தயம்."

"சொல்லு."

"அம்பத்திரெண்டு சீட்டு. நூத்துல ரெண்டுன்னு அந்த டாக்டர் சொன்னாருல்ல, அம்பத்திரெண்டுல ஒண்ணுன்னா கிட்டத்தட்ட அதே கணக்குதான். சரிதானம்மா சுகிர்தா?"

"கிட்டத்தட்ட சரி. ஆனா அத்தை..."

"நீ இரு. நீங்க ஒரு சீட்டு பேரு சொல்லுங்க. நான் கலைச்சு மேல இருந்து ஒண்ணு எடுக்குறேன். நீங்க சொன்னது வந்துச்சுன்னா, இனிமே ஆஸ்பத்திரின்னு என் வாயில வராது. ஒங்க ஒடம்பப் பத்தியே பேசமாட்டேன். வரலைன்னா மறுபேச்சு இல்லாம வண்டியில ஏறணும்."

சுகிர்தா மாமியாரின் கையைப் பிடித்தாள். "அத்தை, வேண்டாம். வந்துட்டா?"

"வராது. நீதானே கணக்கு டீச்சர். வருமா?"

"வராதுதான். ஆனா வரவே வராதுன்னு இல்லீங்கத்தை."

தெட்சிணாமூர்த்தி மீசையைத் தடவினார். கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. "டைமன் எட்டு" என்றார்.

செல்லக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டாள். "ஆரம்பிச்சுட்டாருய்யா."

கமலாம்பாள் சீட்டைக் கலைத்தாள். மாவு பிசைவதுபோல அழுத்தி அழுத்திக் கலைத்தாள். செல்லக்கண்ணுவிடம் கொடுத்து வெட்டச் சொன்னாள். மேலே இருந்ததை எடுத்துப் பாயில் போட்டாள்.

டைமன் எட்டு.

தெட்சிணாமூர்த்தியே சத்தம் போடவில்லை. செல்லக்கண்ணு சீட்டை எடுத்து முனை மடிந்திருக்கிறதா, முதுகில் அழுக்கு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கமலாம்பாள் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"தோத்தா தோத்ததுதான்" என்று அங்கிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல். அந்த வீட்டுக்கு அது புதுசு.

சொன்னபடி நடந்தாள். மறுநாள் காலை ஊறுகாய் ஜாடி பரணிலிருந்து இறங்கி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அவர் கருவாடு கேட்டார், பொரித்து வைத்தாள். இன்னொரு அப்பளம் கேட்டார், போட்டாள். மாத்திரை போட்டீர்களா என்று கேட்கவில்லை. மாத்திரை மட்டும் தண்ணீர்த் தம்ளரோடு மேஜையில் இருந்தது, போட்டால் போடட்டும் என்று. முதல் ரெண்டு நாள் தெட்சிணாமூர்த்திக்கு விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. காதுக்கு இத்தனை ஓய்வு கிடைத்து எத்தனை காலம்!

மூணாம் நாள் கொல்லையிலிருந்து வாளித் தண்ணீர் தூக்கி வந்தவர் பாதியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு இரைத்தது. கமலாம்பாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அவர் அவள் வாயைப் பார்த்தார். இப்போது வரும், 'ஒங்கள யாரு தூக்கச் சொன்னா' என்று வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவள் வந்தாள், வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஒன்னுமில்ல, வாயு" என்றார் அவர் தானாகவே.

"உம்" என்றாள்.

அன்றைக்கு அந்த ஊறுகாய் அவருக்கு இறங்கவில்லை.

பந்தயத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டு கோபத்தில் இருக்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். செல்லக்கண்ணுவும் அப்படித்தான் நினைத்தாள். ஒருநாள் பின்பக்க வேலிக்கருகில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த கமலாம்பாளிடம் வந்து குந்தினாள். "அக்கா, அதெல்லாம் ஒரு பந்தயமாக்கா? வெளையாட்டுக்குப் போட்டது. பேச்ச ஒடச்சுட்டு அண்ணன இழுத்துக்கிட்டுப் போயிச் சேரு. யாரு கேக்கப்போறா?"

கமலாம்பாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "போக வேணாம்டி."

"என்னாது?"

"அவரு போக வேணாம். இருக்குற வரைக்கும் கண்ணு முன்னால இருக்கட்டும்." கரித்துணியைப் போட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். "எங்கையாலயே எடுத்தேன் செல்லக்கண்ணு. நாந்தான கலைச்சேன்? அம்பத்தோரு சீட்டு கெடந்துச்சு. அது ஒண்ணு மட்டும் வரக்கூடாதுன்னு நெனச்சேன், அதுதான் வந்துச்சு. இனிமே நானே கையெழுத்துப் போட்டு அந்தாள உள்ள அனுப்புவேனா? அந்த ரெண்டு அவருதான். அவரு சொன்னப்ப சிரிச்சேன் பாரு."

குரல் உடைந்தது. செல்லக்கண்ணுவுக்குக் கமலாம்பாள் அழுது பார்த்துப் பழக்கமில்லை. எங்கே கைவைப்பது என்று தெரியாமல் பக்கத்திலிருந்த குண்டானை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

சன்னலுக்கு உள்பக்கம் தெட்சிணாமூர்த்தி துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

இத்தனை நாளும் அவர் பயந்தது ஒரு தைரியத்தில்தான். தான் எத்தனை பயந்தாலும் பயப்படாமல் இழுத்துக்கொண்டு போக ஒருத்தி இருக்கிறாள். இன்றில்லாவிட்டால் நாளைக்கு அவளே கையைப் பிடித்து வண்டியில் தள்ளுவாள். தானும் முரண்டு பிடித்தபடியே போய்விட்டு வந்துவிடலாம். அந்த நினைப்பு மனசுக்குள் எங்கேயோ கிடந்தது. அவளே கையை விட்டுவிட்டாள். விடவைத்தது, தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட டைமன் எட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவரே பாயை விரித்தார். சுகிர்தா பேப்பர் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"கமலா, இங்க வா."

"எனக்கு வேலை கெடக்கு. ஆட்டம் வேணாம்."

"ஆட்டம் இல்ல. உக்காரு."

உட்கார்ந்தாள். அவர் சீட்டைக் கலைத்து அவள் முன்னால் வைத்தார். "டைமன் எட்டு. எடு."

"நான் தொடமாட்டேன்." கையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"சரி, நானே எடுக்குறேன்." எடுத்தார். கிளாவர் மூணு. திரும்பச் சேர்த்துக் கலைத்தார். "டைமன் எட்டு." இஸ்பேட் ராஜா. கலைத்தார். "டைமன் எட்டு." ஆட்டின் ஒம்பது. கலைத்தார். கமலாம்பாள் ஒவ்வொரு தரமும் கண்ணை மூடிக்கொண்டாள். சீட்டு பாயில் விழுகிற சத்தம் கேட்டபின் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். ஆட்டின் ரெண்டு. கிளாவர் ராணி. டைமன் ஏழு வந்தபோது "ஐயோ" என்றாள்.

"ஏழுடி. எட்டு இல்ல."

"தெரியுது. எனக்குக் கண்ணு இருக்கு."

அவர் விடவில்லை. வெயில் கூடத்துக்குள் ஏறி, பாயைத் தாண்டி, சுவரில் ஏறியது. மனுஷர் கலைத்தார், சொன்னார், எடுத்தார். நெற்றியில் வேர்த்தது. செல்லக்கண்ணு வழக்கம்போல ஆட்டத்துக்கு வந்தவள், நிலைமையைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் தூணோரம் உட்கார்ந்தாள். டைமன் எட்டு ஒரு தரமும் வரவில்லை. வந்த எட்டும் கிளாவராக வந்தது.

"பாத்தியா? எங்க வருது? எங்கிட்ட ஒன்னும் இல்ல கமலா. நான் ஒரு சாதாரண ஆளு. வீட்ல இத்தன வருசம் மீனு ஆஞ்சவனுக்கு என்னாத்த அதிர்ஷ்டம்? இன்னைக்குப் பூரா எடுத்தாலும் வராது."

"போதும், நிறுத்துங்க" என்றாள் கமலாம்பாள் அவசரமாக. "இன்னும் எடுத்துக்கிட்டே இருந்தா வந்து தொலைக்கும்."

சுகிர்தா பேனாவை மூடினாள். "எடுத்துக்கிட்டே இருந்தா என்னைக்காவது வரும்தான் அத்தை. ஆனா ஆஸ்பத்திரில மாமாவுக்கு ஒரே ஒரு தடவதான் எடுக்கப் போறாங்க. அன்னைக்கு நீங்க எடுத்தது அன்னைக்கோட முடிஞ்சுபோச்சு. சீட்டுக்கு யாரு ஞாபகமும் கெடையாது. நீங்க எடுத்தீங்க, மாமா சொன்னாருன்னு அதுக்கு என்னா தெரியும்?"

கமலாம்பாள் மருமகளைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். வேர்வை கழுத்தில் இறங்கியிருந்தது, பனியன் நனைந்திருந்தது. அத்தனை பயமும் அவரிடம் அப்படியேதான் இருக்கிறது. தன் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு அவள் பயத்துக்கு விசிறிக்கொண்டிருக்கிறார். அவள் வாய்க்குள் என்னென்னவோ முட்டியது.

"அந்தப் பந்தயத்த நீங்க தள்ளுபடி பண்றீங்களா?"

"தோத்தா தோத்ததுதான்னு சட்டம் போட்டவ நீ."

"ஜெயிச்சவரு விட்டுக் குடுக்கக்கூடாதுன்னு எவ சட்டம் போட்டா?"

"விட்டுக் குடுத்தேன். பேசு."

அவள் மூச்சை இழுத்தாள். பிறகு பேசினாள். அந்த ஒரு வாரத்துப் பேச்சும் வந்தது. வாளி தூக்கினது, கருவாடு தின்னது, மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்தது (அது அவளுக்குத் தெரியும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது), தேதி குறித்த நாளில் குளிக்காமல் கிடந்தது, எல்லாம் வரிசையாக வந்தது. செல்லக்கண்ணு வேலிக்கு அந்தப் பக்கம் போனபிறகும் கேட்டது. தெட்சிணாமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, குளிர்ந்த காற்றில் உட்கார்ந்திருக்கிறவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வந்துடுவோம்" என்றார் அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில். "நீ கூடவே இருக்கணும்."

"பின்ன, நான் என்ன சினிமாவுக்கா போகப்போறேன்?"

அந்த வாரக் கடைசிக்குள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. உள்ளே அழைத்துப் போகிற காலையில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கம்பி முறுக்கின கை, இன்னும் இறுக்கம் விட்டுப்போகவில்லை. நர்ஸ் வந்து பிரித்துவிடும்படி ஆயிற்று. கதவு மூடிக்கொண்டது.

வெளியே நாற்காலி வரிசையில் கமலாம்பாள் உட்கார்ந்தாள். சுகிர்தா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். எதிரே இருந்த குடும்பத்தின் பெரியவர் யாரோடு யாரோ சண்டை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் கமலாம்பாள் பஞ்சாயத்துக்குப் போயிருப்பாள். இன்றைக்கு மடியில் கை கோத்துக்கொண்டு, அந்தக் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி வேண்டுமா என்று சுகிர்தா கேட்டாள். தலையாட்டினாள். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா என்று மருமகளுக்குப் புரியவில்லை. வாங்கி வந்தாள். அது ஆறிப்போயிற்று.

கதவு பல தரம் திறந்தது. ஒவ்வொரு தரமும் வேறு யாருக்கோ.

மத்தியானம் சாய்ந்தபிறகு டாக்டர் வந்தார். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, "நல்லபடியா முடிஞ்சுதும்மா. கண் முழிக்க நேரமாகும்" என்றார். சுகிர்தா அழுதுவிட்டாள். கமலாம்பாள் அழவில்லை. "சரிங்க" என்றாள். ஏதோ ரேஷன் கடையில் சாமான் வந்துவிட்டது என்று சொன்னதுபோல.

ராத்திரியானபிறகு ஒரு ஆளை மட்டும் உள்ளே விட்டார்கள். உடம்பெல்லாம் குழாய். நெஞ்சில் கட்டு. அவர் கண்ணைத் திறந்து அவளைத் தேடிப் பிடித்தார். தொண்டை வறண்டிருந்தது, காற்றாகத்தான் குரல் வந்தது.

"பயந்துட்டியா?"

"எனக்கு என்ன பயம்? பசி. காலையிலேர்ந்து ஒன்னும் சாப்புடல."

அவர் உதடு கொஞ்சம் நெளிந்தது. அது சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும். "போயி... சாப்புடு."

"சாப்புடுறேன். நீங்க பேசாம படுங்க. பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கையை ஆட்டாதீங்க, குழாயி புடுங்கிக்கும். தண்ணி கேக்காதீங்க, குடுக்கமாட்டாங்க. அந்தப் பொண்ணு என்னா சொல்லுதோ அதக் கேட்டுக்கிட்டு ஒழுங்கா இருங்க."

நேரமாயிற்று என்று நர்ஸ் ஜாடை காட்டினாள். கமலாம்பாள் அவர் நெற்றி முடியைக் கையால் ஒதுக்கிவிட்டு வெளியே வந்தாள்.

கீழே கேண்டீனில் ஒரு பிளேட் இட்லி வாங்கி உட்கார்ந்தாள். சாம்பாரில் உப்பு கம்மி, சட்னியில் தேங்காயே இல்லை. பரிமாறினவனைக் கூப்பிட்டு ரெண்டையும் சொன்னாள். சொல்லிவிட்டு விண்டு வாயில் வைத்தாள். ரெண்டாவது இட்லியில் அழுகை வந்தது. எதிர் மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுதுகொண்டே, இன்னொரு பிளேட் கொண்டுவரச் சொன்னாள்.